மாமா வீட்டுப் பிள்ளைகளும் ஏறுதற்கரிய கணவாயும்

2001 நவம்பர் 14 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைத் தொடர் தொடங்கிற்று. செப்டம்பர் தாக்குதல்கள் நிகழ்ந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. தேசபக்திச் சட்டம் கையெழுத்தாகி மூன்று வாரம்கூட நிறைவுறவில்லை. அந்நாட்டு முஸ்லிம்கள் நெஞ்சில் அச்சத்தைச் சுமந்தவர்களாய் ரமழான் பிறைக்காகக் காத்திருந்த வாரம் அது. அந்த வாரத்தில்தான் ஒரு கறுப்பின மனிதர் தம் வீட்டு நாற்காலியில் சாய்ந்து அமர்ந்து, கேமராவை நேராக நோக்கி, 'அமெரிக்கா' என்று நாட்டையே பெயர் சொல்லி விளித்து, தம் வீட்டுக்கு வந்து சேர்ந்துள்ள மூன்று பிள்ளைகளைப் பற்றி முறையிடலானார். அவர் பெயர் பெர்னி மேக். தொடரின் பெயரும் அவர் பெயரே: 'தி பெர்னி மேக் ஷோ'. 2006 வரை ஐந்து பருவங்கள், 104 பகுதிகள் ஒளிபரப்பாயின.

மார்க்கத்தையும் அன்றாட வாழ்வையும் பேச வேண்டிய இடத்தில் அமெரிக்கத் தொலைக்காட்சி நகைச்சுவைக்கு என்ன வேலை என்று வாசகர் சிலர் முகம் சுளிக்கக் கூடும். நியாயமான கேள்விதான். இத்தொடரை வீட்டில் குடும்பத்தோடு அமர்ந்து பாருங்கள் என்று நாம் பரிந்துரைக்கவில்லை. சுருட்டும் மதுவும் சூதாட்ட மேசையும் அதில் வருகின்றன. அந்த நடிகர் மேடையில் பேசிய மொழியோ காதில் விழத்தகாதது. ஆயினும் அத்தொடர் எடுத்துக்கொண்ட கதைப்பொருள் நம் ஊர்களில், நம் வீடுகளில், நம் உறவினர் நடுவே ஒவ்வொரு நாளும் நிகழ்வது. அதை நாம் உரக்கப் பேசுவதில்லை என்பதே நம் கவலை.

கதை எளிது. சிகாகோவில் வாழும் பெர்னியின் சகோதரி போதைப் பழக்கத்தில் வீழ்ந்து சிகிச்சை நிலையம் செல்கிறாள். அவளுடைய மூன்று பிள்ளைகளையும் அரசுக் காப்பகம் வாங்கிக்கொள்ளும் நிலை. லாஸ் ஏஞ்சல்ஸில் வசதியாக வாழும் தாய்மாமன், தாமே ஒரு நகைச்சுவைக் கலைஞர், பிள்ளைகளைத் தம் வீட்டுக்கு அழைத்துக்கொள்கிறார். பதின்ம வயதின் வாசலில் நின்று எதற்கும் எதிர்த்துப் பேசும் வனெஸ்ஸா, கண்ணாடி அணிந்த, எதற்கும் மிரளும் ஜோர்டன், மாமனின் கோபத்தை ஒரு பார்வையில் கரைத்துவிடும் சின்னஞ்சிறு பிரயானா. பெர்னிக்கும் அவர் மனைவி வாண்டாவுக்கும் பிள்ளைகள் இல்லை. பெரிய நிறுவனமொன்றில் உயர்பதவி வகிக்கும் வாண்டாவுக்கு இப்பிள்ளைகளோடு இரத்த உறவும் இல்லை. ஓர் இரவில் அமைதியான வீடு அமளிக்காடாகிறது. அவ்வளவுதான் கதை.

இக்கதை பெர்னி மேக்கின் மேடைப் பேச்சிலிருந்து பிறந்தது. 2000-ஆம் ஆண்டு இயக்குநர் ஸ்பைக் லீ நான்கு கறுப்பின நகைச்சுவையாளர்களின் மேடை நிகழ்ச்சியைப் படமாக்கினார். அதில் சகோதரியின் பிள்ளைகளைத் தாம் வளர்க்க நேர்ந்ததைப் பற்றிய பேச்சே பெர்னியின் பங்கில் பேர்பெற்றது. அதைக் குடும்பத் தொடராக வடிவமைத்தவர் லாரி வில்மோர். முதல் பகுதியை எழுதியமைக்காக அவருக்கு 2002-இல் எம்மி விருது கிடைத்தது.

அக்காலத்து அமெரிக்க நகைச்சுவைத் தொடர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் சிரிப்பொலி எழும்; எங்கே சிரிக்க வேண்டும் என்பதை அவ்வொலியே நமக்கு உணர்த்திவிடும். இத்தொடரில் அது கிடையாது. மாமன் பிள்ளையை அதட்டுகிறார். பிள்ளை தலைகுனிந்து நிற்கிறது. அறை நிசப்தமாக இருக்கிறது. இது சிரிப்பதற்குரிய காட்சியா, வருந்துவதற்குரியதா என்று பார்ப்பவரே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. நமக்கு இத்தொடரின் மீது மதிப்புத் தோன்றிய முதற்காரணம் இதுவே.

இரண்டாவது காரணம், அந்த மாமன் தம் சலிப்பை மறைப்பதில்லை. 'நான் ஏன் இதில் மாட்டிக்கொண்டேன்', 'என் வீடு என் வீடாக இல்லை', 'இவர்கள் என் பிள்ளைகள் அல்லரே' என்ற எண்ணங்களையெல்லாம் அவர் நாற்காலியில் அமர்ந்து வெளிப்படையாகக் கூறுகிறார். கூறிவிட்டு எழுந்து சென்று பிள்ளைக்கு வேண்டியதைச் செய்கிறார்.

இங்கே நம் சமூகத்தின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம். யத்தீம்களை ஆதரிப்பதன் சிறப்பை நம் மேடைகளில் கேட்காத ஆண்டில்லை. அநாதையைப் பொறுப்பேற்றவரும் தாமும் சுவனத்தில் இவ்வாறு இருப்போம் என்று நபி (ஸல்) அவர்கள் தம் சுட்டுவிரலையும் நடுவிரலையும் சேர்த்துக் காட்டிய ஹதீஸ், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அப்படிப் பொறுப்பேற்ற ஒருவரை, உண்மையில் அப்பிள்ளைக்குச் சோறு ஊட்டி, சீருடை துவைத்து, இரவு காய்ச்சலில் விழித்திருக்கும் அந்த ஒருவரை, 'உங்களுக்குச் சிரமமாக இருக்கிறதா?' என்று கேட்ட ஜமாஅத் எத்தனை? அவர் வாய் திறந்து சலிப்பைச் சொன்னால் 'நன்மை பாழாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்' என்ற அறிவுரை உடனே கிடைக்கும். அவர் மௌனமாகிறார். மௌனமாக்கப்பட்ட சலிப்பு வேறெங்கே போகும்? பிள்ளையின் தட்டில் விழும் குழம்பின் அளவில், 'உன் உம்மா இருந்திருந்தால் தெரியும்' என்ற ஒற்றை வாக்கியத்தில், பெருநாள் துணி எடுக்கும்போது தன் பிள்ளைக்கும் வந்த பிள்ளைக்கும் இடையே காட்டும் சிறு வேறுபாட்டில் அது வெளிப்படும்.

திருக்குர்ஆன் இது இலேசான காரியம் என்று எங்குமே கூறவில்லை. அல்பலத் அத்தியாயத்தை எடுத்துப் பாருங்கள். மனிதன் கடக்கத் தயங்கும் ஒரு கணவாயைப் பற்றி அது பேசுகிறது. அந்தக் கணவாய் யாது என்று கேட்டு, அடிமையை விடுவிப்பதையும், பசி மிகுந்த நாளில் உறவினனான அநாதைக்கு உணவளிப்பதையும் சுட்டுகிறது. எங்கோ இருக்கும் அநாதை என்னாமல் 'உறவினனான' அநாதை என்று குறிப்பிட்டிருப்பதை நாம் வாசித்துக் கடந்துவிடுகிறோம். தொலைவில் உள்ள இல்லத்துக்குக் காசோலை அனுப்புவது எளிது. அது நன்மையே, ஐயமில்லை. உறவுப் பிள்ளையோ காலையில் நம் குளியலறை வாசலில் நிற்கும். அதன் தந்தையோடு நமக்கிருந்த பழைய சொத்துத் தகராறு நினைவுக்கு வரும். அதன் முகத்தில் நமக்குப் பிடிக்காத மச்சானின் சாயல் இருக்கும். ஆகவேதான் அது செங்குத்தான பாதை. ஏறுபவனுக்கு மூச்சு வாங்கும். மூச்சு வாங்குகிறது என்று அவன் சொல்வது பாவமாகாது.

பெர்னி மேக் தம் முறையீட்டை 'அமெரிக்கா'விடம் வைத்தார். நாம் அதை எங்கே வைக்க வேண்டும் என்பது தெரிந்ததே. யஃகூப் (அலை) அவர்கள் தம் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுவதாகக் கூறியதை யூசுஃப் அத்தியாயத்தில் ஓதுகிறோம். ஆயினும் தஹஜ்ஜுத்தில் அழுபவருக்குப் பகலில் ஒரு மணி நேரம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் அண்டை வீட்டார் தேவைப்படுகிறார். முன்னதைக் காட்டிப் பின்னதை மறுப்பது முறையன்று.

தொடரில் நாம் கவனித்த மற்றொன்று: பிள்ளைகள் அவரை இறுதிவரை 'அங்கிள் பெர்னி' என்றே அழைக்கின்றனர், வாண்டா 'ஆன்ட் வாண்டா' தான். அப்பா, அம்மா என்ற சொற்களை எவரும் எவர் மீதும் திணிப்பதில்லை. சிகிச்சையில் இருக்கும் தாய் அருகில் இல்லாவிட்டாலும் பிள்ளைகளின் உள்ளத்தில் அவளுக்குரிய இடத்தை எவரும் கைப்பற்றுவதில்லை. வளர்ப்புப் பிள்ளைகளை அவர்களுடைய தந்தையரின் பெயராலேயே அழைக்குமாறு அல்அஹ்ஸாப் அத்தியாயம் கட்டளையிட்டிருப்பதை அறிந்த நமக்கு இது எவ்வளவு அணுக்கமான அமைப்பு! இஸ்லாம் பிள்ளையின் வம்சத்தை அழித்து எழுதும் தத்தை ஏற்கவில்லை. பொறுப்பேற்று வளர்ப்பதையோ மிக உயர்த்துகிறது. பிறப்புச் சான்றிதழில் பெயரை மாற்றாமலே, பிள்ளையின் சொந்த உம்மாவை மறக்கச் செய்யாமலே, முழு அன்பையும் கொடுக்க முடியும். அந்தக் கறுப்பினக் குடும்பம் அதைத் தன் போக்கில் செய்து காட்டுகிறது.

அவர்களுக்கு இது புதிதன்று. அடிமைச் சந்தைகளில் தாயை ஒரு முதலாளிக்கும் பிள்ளையை வேறொரு முதலாளிக்கும் விற்ற வரலாறு அம்மக்களுடையது. எஞ்சிய பிள்ளையைப் பாட்டியோ, சித்தியோ, பெயரளவில்கூட உறவில்லாத ஒரு மூதாட்டியோ அணைத்து வளர்த்தாள். அவ்வழக்கம் விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 1980-களில் கிராக் எனப்படும் மலிவான கொக்கெய்ன் கறுப்பினக் குடியிருப்புகளைச் சூறையாடியபோது, தாயை இழந்த பிள்ளைகளை மீண்டும் அப்பாட்டிமாரும் மாமன்மாரும் ஏற்றனர். சட்டமோ வேறு விதமாக நடந்துகொண்டது. 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெறும் 5 கிராம் கிராக் வைத்திருந்து விற்க முனைந்தவருக்கு ஐந்தாண்டுக் கட்டாயச் சிறை. பொடிக் கொக்கெய்னாக இருந்தால் அதே தண்டனைக்கு 500 கிராம் தேவை. வெள்ளையர் கையில் புழங்கியது பொடி என்றும், கறுப்பர் தெருவில் விற்கப்பட்டது கிராக் என்றும் அறிந்தவர்களுக்கு இந்த நூறு மடங்கு வேறுபாட்டின் பொருள் புரியும். 2010-இல்தான் அது 18 மடங்காகக் குறைக்கப்பட்டது. 1997-இன் மற்றொரு சட்டமோ, அண்மைய 22 மாதங்களில் 15 மாதங்கள் பிள்ளை அரசுப் பராமரிப்பில் இருந்தால், பெற்றோர் உரிமையை முடிவுக்குக் கொண்டுவர மாநிலம் மனுச் செய்ய வேண்டும் எனப் பொதுவிதி வகுத்தது. உறவினர் பராமரிப்பில் உள்ள பிள்ளைக்கு அதில் விலக்கு அளிக்க இடமுண்டு. ஆகவே ஒரு மாமன் முன்வருவது அன்பின் வெளிப்பாடு மட்டுமன்று. தாய் திரும்பி வருவதற்கான கதவைத் திறந்தே வைத்திருப்பதும் ஆகும்.

இந்தப் பின்னணியை மனத்தில் கொண்டு பார்த்தால், தொடரில் அச்சகோதரி சிறையில் இல்லாமல் சிகிச்சையில் இருக்கிறாள் என்பது சிறிய செய்தியன்று. அவளை அரக்கியாகவும் காட்டவில்லை.

நம் ஊர்களில் போதை என்ற சொல்லை எடுத்தாலே கதவடைப்போம். 'நம் பிள்ளைகள் அப்படியல்ல' என்பது பதில். அப்படி இருப்பதாகத் தெரியவந்தால் அடுத்த பதில் சாபம். இரண்டுக்கும் நடுவே எதுவும் இல்லை. நபிகளாரின் மதீனாவில் அப்துல்லாஹ் என்றொருவர் இருந்தார். 'கழுதை' என்று பொருள்படும் பட்டப்பெயர் அவருக்கு. பெருமானார் (ஸல்) அவர்களைச் சிரிக்க வைப்பவர் என்று புகாரியில் இடம்பெற்ற அறிவிப்பு அவரைக் குறிப்பிடுகிறது. அவருக்கு மதுப்பழக்கம் இருந்தது. அதற்காகப் பலமுறை தண்டிக்கவும்பட்டார். ஒருமுறை அவ்வாறு கொண்டுவரப்பட்டபோது கூட்டத்திலிருந்த ஒருவர் அவரைச் சபித்தார். நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவனுடைய தூதரையும் நேசிப்பவர் என்று சாட்சி கூறினார்கள். தண்டனையும் நின்றுவிடவில்லை, நேசமும் மறுக்கப்படவில்லை. சிரிக்க வைப்பவர், அடிமைப்பழக்கத்தில் வீழ்ந்தவர் என்ற இரண்டும் ஒருவரிடத்தில் கூடியிருந்த அச்சஹாபியின் வரலாற்றை நம் மேடைகள் அதிகம் பேசக் காணோம்.

இப்போது இத்தொடரில் நமக்கு உடன்பாடில்லாத பகுதிக்கு வருவோம். அதைத் தவிர்த்துவிட்டு எழுதினால் அது நேர்மையாகாது.

பெர்னியின் நாவு கூரியது. பிள்ளைகளின் தலையைப் பிளப்பதாகவும் தோலை உரிப்பதாகவும் அவர் மிரட்டுகிறார். பெரும்பாலும் அவை சொல்லோடு நின்றுவிடுகின்றன. அன்பு கொண்ட ஒருவரின் மிகைப்பேச்சு என்று பார்வையாளருக்குப் புரியும்படியே காட்சிகள் அமைந்துள்ளன. அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்களில் இதற்கொரு நீண்ட விளக்கம் உண்டு: வீட்டுக்கு வெளியே காவலரின் கைத்தடியும் துப்பாக்கியும் காத்திருக்கும் நாட்டில், வீட்டுக்குள்ளேயே பிள்ளை அடங்கக் கற்றால்தான் உயிரோடு திரும்பும் என்ற அச்சம். அந்த அச்சம் உண்மையானது. அவர்களுக்குள்ளேயே இது குறித்துக் கடுமையான விவாதம் நடந்துவருகிறது. அதில் தீர்ப்புச் சொல்ல நாம் வெளியாட்கள்.

ஆனால் நம் வீட்டில் என்ன நடக்க வேண்டும் என்பதில் நாம் வெளியாட்கள் அல்லர். பிறர் வீட்டில் வளரும் பிள்ளையின் செவியில் மிரட்டல் வேறு விதமாக விழும். சொந்த வாப்பா 'கொன்றுவிடுவேன்' என்று கத்தினால் பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடும். அந்த வீட்டில் தனக்கு இடம் உறுதி என்று அதற்குத் தெரியும். மாமா கத்தினால், 'நாளை என்னை அனுப்பிவிடுவார்களோ' என்ற நடுக்கம் உள்ளே ஓடும். வனெஸ்ஸாவின் முரண்டுக்கும் ஜோர்டனின் மிரட்சிக்கும் பின்னால் நமக்குத் தெரிவது அந்த நடுக்கமே. வளர்க்கும் மாமன் தம் பேச்சை நகைச்சுவை என்று கருதலாம். கேட்கும் பிள்ளைக்குத்தான் அதன் எடை தெரியும்.

அனஸ் (ரலி) அவர்களை நினைத்துப் பாருங்கள். சிறுவனாக அண்ணலாரின் இல்லத்துக்குப் பணிவிடைக்கு வந்தவர். பத்தாண்டுகள் உடனிருந்தும் தம்மை ஒருமுறைகூடச் 'சீ' என்று அவர்கள் சொன்னதில்லை என்றும், செய்ததை ஏன் செய்தாய் என்றோ செய்யாததை ஏன் விட்டாய் என்றோ கேட்டதில்லை என்றும் முதுமையில் நினைவுகூர்ந்தார். இதைப் பணியாளரிடம் காட்ட வேண்டிய கருணைக்குச் சான்றாகவே எடுத்துக்காட்டுகிறோம். அவர் அப்போது சிறுபிள்ளை, தம் தாயின் வீட்டைவிட்டு வேறொரு வீட்டில் நாட்களைக் கழித்தவர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். அண்ணலாரும் அத்தகைய பிள்ளையாகவே வளர்ந்தவர்கள். எட்டு வயதில் பாட்டனாரை இழந்து, பெரிய செல்வம் இல்லாத, பிள்ளைகள் நிறைந்த அபூதாலிபின் வீட்டுக்குச் சென்றார்கள். பிறர் வீட்டில் வளரும் பிள்ளையின் செவி எப்படிக் கேட்கும் என்பதை அறிந்த நாவு அது.

அபூதாலிபைச் சொல்லும்போது அவருடைய துணைவியார் ஃபாத்திமா பின்த் அஸத் (ரலி) அவர்களை விட்டுவிடுகிறோம். பெரியதந்தையின் மனைவி; நெருங்கிய இரத்த உறவு பெரியதந்தையோடுதான். சமைத்ததும் துவைத்ததும் தலைவாரியதும் யார்? அவர் மறைந்தபோது நபி (ஸல்) அவர்கள் தம் சட்டையை அவருக்குக் கஃபனாக அளித்ததாக வரலாற்று நூல்கள் குறிப்பிடுகின்றன. (ஸஹாபிப் பெண்மணி ஒருவரை ஒரு தொலைக்காட்சிக் கதாபாத்திரத்தோடு ஒப்பிடுகிறோம் என்று எவரும் கருத வேண்டாம், நாம் சொல்ல வருவது வேறு.) உறவுப் பிள்ளையைக் கூட்டி வருபவர் பெரும்பாலும் ஆண், புகழும் அவருக்கே. 'அக்கா பிள்ளைகளைத் தன் பிள்ளையாய் வளர்த்தார்' என்று ஜனாஸாவில்கூட அவரைத்தான் பேசுவார்கள். வளர்த்தவரோ மாமி. அவரிடம் கேட்டுத்தான் பிள்ளைகளை அழைத்து வந்தார்களா? தொடரில் வாண்டா தன் வேலையையும் தன் களைப்பையும் விட்டுக்கொடுக்காமல் பேசுகிறாள். சில வேளை கணவரைத் திருத்துகிறாள். நம் மாமிமாரில் பலருக்கு அந்த உரிமை இல்லை. வளர்த்த பிள்ளை பருவம் அடைந்ததும் மாமி அவனுக்கு மஹ்ரம் அல்லள் என்ற மார்க்கச் சட்டத்தை மட்டும் நினைவூட்ட ஆள் வந்துவிடும். சட்டம் சட்டமே; அதில் நாம் கை வைக்கவில்லை. தாய்மாமன் சகோதரியின் மகளுக்கு மஹ்ரம், மாமி சகோதரியின் மகனுக்கு மஹ்ரம் அல்லள் என்பது தெளிவு. அந்தச் சட்டத்தை எடுத்துரைப்பவர், அதே வீட்டில் ஒரு கூடுதல் அறை கட்ட உதவியும் செய்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! பத்து வயது ஜோர்டன்கள் பதினைந்து வயதாவது திடீரென நடப்பதன்று. ஐந்தாண்டு அவகாசம் ஜமாஅத்துக்கு இருக்கிறது.

பெர்னி மேக்கின் சொந்த வாழ்விலிருந்து ஒரு செய்தியைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. அவர் சிகாகோவின் தென்பகுதியில் தாயோடும் பாட்டன் பாட்டியோடும் வளர்ந்தவர். ஐந்து வயதளவில் ஒருநாள் தம் தாய் தொலைக்காட்சி முன் அழுதுகொண்டிருப்பதைக் கண்டார். அப்போது ஒரு நகைச்சுவையாளர் திரையில் தோன்ற, அழுதுகொண்டிருந்த தாய் கண்ணீரோடு சிரிக்கத் தொடங்கினார். இனி உம்மா அழாமலிருக்க நானும் இதைத்தான் செய்வேன் என்று அன்று முடிவெடுத்ததாக அவர் பலமுறை கூறியுள்ளார். அவர் பதின்ம வயதில் இருந்தபோதே அத்தாய் புற்றுநோயால் மறைந்தார்.

அன்று திரையில் தோன்றிய அந்த நகைச்சுவையாளர் பில் காஸ்பி. பின்னாளில் 1984 முதல் 1992 வரை ஒளிபரப்பான தம் தொடரில் குறையே இல்லாத கறுப்பினத் தந்தையாக நடித்து அமெரிக்கா முழுவதும் போற்றப்பட்டவர். 2018-இல் பாலியல் வன்குற்றத்துக்காக அவர் குற்றவாளி எனத் தீர்ப்பாகிச் சிறை சென்றார். முன்னைய அரசு வழக்கறிஞர் அளித்திருந்த உறுதியைக் காரணம் காட்டி 2021-இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. மாசற்ற தந்தையைத் திரையில் கண்டு மயங்கிய ஒரு தலைமுறைக்கு அது பேரிடி. நமக்கோ, திரையில் தம் குறைகளை எல்லாம் கொட்டிக் காட்டிய பெர்னி மாமாவையே நம்பத் தோன்றுகிறது. இது சுவை பற்றிய கருத்து என்று சிலர் சொல்லலாம். நம் பள்ளிவாசல் மேடைகளிலும் குறையற்ற குடும்பத் தலைவர்களின் சித்திரங்களே தீட்டப்படுவதால் நமக்கு அப்படித் தோன்றுகிறதோ என்னவோ.

சிரிப்பைப் பற்றியும் ஒரு சொல். மக்களைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனுக்குக் கேடு என்ற எச்சரிக்கையைக் கேட்டு, சிரிப்பையே சந்தேகத்தோடு பார்ப்போர் நம்மிடையே உண்டு. நபி (ஸல்) அவர்கள் நகைச்சுவையாகப் பேசினார்கள். உண்மையைத் தவிர வேறெதையும் பேசவில்லை. அனஸின் தம்பியான சின்னஞ்சிறு அபூஉமைர் வளர்த்த குருவி இறந்தபோது, அந்தக் குருவிக்கு என்ன ஆயிற்று என்று பெயரோடு சந்தம் பொருந்தக் கேட்டு அப்பிள்ளையோடு பேசினார்கள். துயருற்ற பிள்ளையிடம் விளையாட்டாகப் பேசுவது எவ்வளவு நுட்பமான கலை! அங்கே பிள்ளை சிரிப்புக்கு இலக்காகவில்லை, சிரிப்பில் பங்காளியாயிற்று. பெர்னி மேக்கின் தொடர் சிறக்கும் இடங்களில் பிள்ளைகளும் மாமனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்; சறுக்கும் இடங்களில் அவர் மட்டும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறார்.

இன்னொரு குறையும் நம் பக்கம் இருக்கிறது. அந்த மூன்று பிள்ளைகளும் மார்க்கச் சட்ட மொழியில் யத்தீம்கள் அல்லர். தந்தை இறந்ததாகச் செய்தி இல்லை. இல்லை என்பது மட்டுமே நிலை. தாய் உயிரோடிருக்கிறாள். நம் ஊரில் இப்பிள்ளைகள் இருந்தால் ரமழான் மாதத்து யத்தீம் உதவிப் பட்டியலில் பெயர் ஏறாது. 'வாப்பா உயிரோடுதானே இருக்கிறார்' என்று கூறிப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். குடித்து அழிந்த தந்தை, விட்டு ஓடிய தந்தை, சிறையில் இருக்கும் தந்தை, மனநோய் கொண்ட தாய் என்று இவர்களின் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். பாட்டியின் முதியோர் உதவித்தொகையில் பள்ளிக்குச் செல்கிறார்கள். இறந்த தந்தைக்காவது துஆ கேட்கலாம்; கௌரவமாகப் பேசலாம். உயிரோடிருக்கும் தந்தையைப் பற்றிப் பள்ளித் தோழன் கேட்கும்போது இப்பிள்ளை என்ன சொல்லும்? ஜகாத் பெறத் தகுதியானோர் பட்டியலில் ஏழைக்கு இடம் இருக்கிறது. ஏழைப் பிள்ளையின் தந்தைக்கு மரணச் சான்றிதழ் தேவை என்று எந்த வசனமும் கூறவில்லை. உதவி வழங்கும் நம் நிறுவனங்கள் தங்கள் படிவங்களில் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றினால், நூற்றுக்கு ஐந்து பேராவது உள்ளே வருவார்களா என்று பார்க்கலாம்.

பெர்னி மேக் 2008 ஆகஸ்ட் 9 அன்று தம் ஐம்பதாவது வயதில் சிகாகோவில் நிமோனியாவால் இறந்தார். தொடர் முடிந்து இரண்டாண்டுகள் ஆகியிருந்தன.

ஹிஜ்ரி ஏழாம் ஆண்டு உம்ராவை முடித்துக்கொண்டு முஸ்லிம்கள் மக்காவை விட்டுப் புறப்பட்டபோது நடந்ததையும் இங்கே சொல்லியாக வேண்டும். உஹுதில் ஷஹீதான ஹம்ஸா (ரலி) அவர்களின் சிறுமகள், உறவுமுறை சொல்லிக் கூவியபடி பின்னால் ஓடி வந்தாள். அலீ (ரலி) அவர்கள் அவளுடைய கையைப் பற்றி ஃபாத்திமா (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அதன்பின் மூன்று பேருக்குள் வழக்கு மூண்டது. என் சிறிய தந்தையின் மகள் என்றார் அலீ. என் சிறிய தந்தையின் மகள், அவளுடைய தாயின் சகோதரி என் மனைவி என்றார் ஜஅஃபர். என் சகோதரரின் மகள் என்றார் ஸைத். ஹம்ஸாவுக்கும் அவருக்கும் நபிகளார் ஏற்படுத்திய சகோதரத்துவத்தை வைத்து. தாயின் சகோதரி தாயின் இடத்தில் இருப்பவள் என்று கூறி, அச்சிறுமியை ஜஅஃபரின் வீட்டுக்கு அனுப்பித் தீர்ப்பளித்தார்கள் நபி (ஸல்) அவர்கள். தீர்ப்புத் தமக்குச் சாதகமாக வராத இருவரையும் வெறுங்கையோடு அனுப்பவில்லை. மூவரிடமும் மனம் குளிரும் சொற்களைத் தனித்தனியே கூறினார்கள்.

வழக்கு, அப்பிள்ளையை யார் அழைத்துச் செல்வது என்பதற்காக. நம் குடும்பங்களில் ஜனாஸா முடிந்த நாற்பது நாளுக்குள் கூடும் பேச்சுவார்த்தைகளில் பெரியவர்கள் அமர்ந்து விவாதிப்பதும் ஒரு வழக்குதான். முன்னறையில் பேச்சு நடக்கும். பிள்ளைகளை அடுக்களைக்கு அனுப்பியிருப்பார்கள். சுவர் மெல்லியது; அடுக்களையில் எல்லாம் கேட்கும்.